வெயில் கோடு: ஊட்டியில் ஒரு ஜனவரி நாட்குறிப்பு

ஜனவரி 4, சனி

வரும் 19-ம் தேதி பாப்பாவுக்கு ஏழு வயது முடிகிறது. நேற்று ராத்திரி போர்வைக்குள் இருந்தபடியே கேட்டாள்: "எல்லாரும் பொறந்தநாளுக்கு வெளிய விளையாடறாங்க. எனக்கு மட்டும் ஏம்மா எப்பவும் ஹால்லயே?"

ஆறு வருஷமும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேக் வெட்டினோம். எங்கள் வீடு தலைகுந்தா பக்கம், பள்ளத்தில். உறைபனிக்குப் பேர்போன இடம். இன்று காலை ஆறரைக்குப் புல் முழுக்க வெள்ளை, உப்பை அள்ளித் தூவியது போல. பத்தரைக்குத் துணி காயப்போடப் போனால் அதே புல்லில் நின்று ஸ்வெட்டரைக் கழற்றுகிறேன். இவ்வளவு வெயிலை வெளியே வைத்துக்கொண்டு பிள்ளையை உள்ளே பூட்டியிருக்கிறோம். இந்த வருஷம் தோட்டத்தில்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று முழுக்க வெயில் பார்த்தோம். மணிக்கொரு தடவை, நிழல் முடியும் இடத்தில் பாப்பா ஒரு கூழாங்கல் வைத்தாள். கிழக்கே கற்பூர மரங்களைத் தாண்டி ஒன்பதேகாலுக்குத்தான் வெயில் இறங்குகிறது. பனி உருகிய ஈரம் பத்தரை வரைக்கும் புல்லில் நிற்கிறது. மூன்று மணிக்கு மேற்கு மேட்டின் நிழல் கேரட் பாத்திக்கு வந்துவிட்டது, மூன்றரைக்கு வாசற்படி. சுமார் 2,240 மீட்டர் உயரத்துக் காற்று, அதுவும் இந்த மாதத்தில் ஈரம் குறைந்த காற்று. வெயில் நகர்ந்த பத்து நிமிஷத்தில் விரல் விறைக்கிறது.

ஆக, பதினொன்றிலிருந்து இரண்டரை. அழைப்பில் அதையே எழுதினோம். கீழே பாப்பா கையெழுத்தில் ஒரு வரி: "இன்னொரு ஜோடி சாக்ஸ் கொண்டு வரவும்."

ஜனவரி 9, வியாழன்

அவளுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. ராத்திரி ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, செம்பருத்தி இதழ் போட்டுப் புல்லில் வைத்தாள். காலையில் பூவோடு சேர்ந்த வட்டக் கண்ணாடி! ஜன்னலில் தொங்கும் வெப்பமானி 4 டிகிரி காட்டியபோது புல் மேல் வைத்தது 0 காட்டியது. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளம் தேடி வந்து தங்குகிறது. பள்ளத்தில் வீடு கட்டியதற்கு இவள் ஒருத்திதான் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

வருகிற பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு தட்டாம்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு வந்த அம்மா பொள்ளாச்சிக்குத் திரும்பாமல் இருந்துவிட்டார். "குளுருல புள்ளைகளை வெளிய உட்டா நெஞ்சுச்சளி கட்டிக்கும் கண்ணு" என்று மூன்று நாளாக ஒரே பேச்சு. கூழாங்கற்களைக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. மத்தியானம் நாற்காலியைத் தூக்கிப்போய் அந்தக் கற்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்து, அங்கேயே தூங்கிவிட்டார்.

ஜனவரி 18, சனி

மிச்ச வேலை. உறைபனி படாமல் ரோஜாத் தொட்டிகளைப் பழைய சேலையால் மூடியாயிற்று. தாவரவியல் பூங்காவில் இதற்குக் கோத்தகிரி மிலார் செடியைப் பரப்புவார்கள். நமக்குச் சேலை போதும். பாக்குமட்டைத் தட்டு வாங்கினோம். பிளாஸ்டிக் தட்டுக்கு இந்த மாவட்டத்தில் இடமில்லை, இருக்கவும் வேண்டாம். கொண்டைக்கடலையை ஊறப்போட்டேன். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக வைக்காவிட்டால் வேகாது.

கரி அடுப்பை வெளியே, சுற்றிலும் கல் வைத்து அமைத்தோம். மழை வந்தால் அதை ஹாலுக்குள் கொண்டுபோகலாம் என்றார் அம்மா. கூடவே கூடாது என்று சொன்னேன். மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிருக்கு அப்படி வைத்துத் தூங்கி, எழாமலே போனவர்களைப் பற்றி இங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்.

ராத்திரி எட்டு மணி. பதினொரு தட்டும் புல்லில். வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மேகம் போர்வை மாதிரி, தரைச்சூடு தப்பவில்லை. தட்டுகளில் வெறும் தண்ணீர், மேலே மிதக்கும் இதழ். பாப்பா வாசற்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அந்த அழுகையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பத்தே முக்காலுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கியபோது நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. தொப்பி, மஃப்ளர், எட்டு ஸ்வெட்டர், மூன்று ஜெர்கின். யாரும் விளையாடவில்லை, கரி அடுப்பையே சுற்றி நின்றார்கள்.

அம்மாதான் காப்பாற்றினார். சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சை தேய்த்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். கையும் சூடானது, வாயும் திறந்தது. அப்புறம் சுக்குமல்லி காபியும் வர்க்கியும். நனைத்துச் சாப்பிடுவதில் போட்டி.

பதினொன்றரைக்குப் பனி விலகி வெயில் விழுந்தது. விழுந்த வேகத்தில், குளிரில் இறுக்கமாக ஊதிக் கட்டிய பலூன்கள் சூடேறி ஒவ்வொன்றாக வெடித்தன. அவ்வளவுதான், கூச்சம் போய்விட்டது. கூழாங்கற்களை வைத்தே ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார்கள்: நிழலில் நிற்பவர் அவுட். பன்னிரண்டரைக்கு ஸ்வெட்டரெல்லாம் வேலிமேல். வீசிங் இருக்கிற ஒரு பையனை மட்டும் அவன் அம்மா சொன்னபடி ஓடவிடாமல் நடுவராக்கினோம். அவன் தீர்ப்பை யாரும் எதிர்க்கவில்லை. கேக்கின் க்ரீம் கல்லாக இருந்தது, வெயிலில் கால்மணி நேரம் வைத்துத்தான் வெட்டினோம். இரண்டு மணிக்கு எல்லோருக்கும் சாக்ஸ் மாற்றி, வெடித்த கன்னங்களில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார். பாட்டிலில் உறைந்திருந்ததைக் கரி அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கிக்கொண்டார்.

நிழல் கேரட் பாத்தியைத் தொடும்போது கடைசிப் பிள்ளையும் போயாயிற்று. தட்டுகளை எடுத்து வைக்க மறந்துவிட்டோம்.

ஜனவரி 20, திங்கள்

ராத்திரி வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்திருக்கிறது. காலை ஆறரைக்குப் பாப்பா போட்ட கூச்சலில் எழுந்தேன். பதினொன்றும் உறைந்திருந்தன, பூவோடு. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன். அம்மா வைக்கோலும் பழைய துண்டும் தேடி ஓடினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் யூனிஃபார்மோடு வாசலிலேயே நின்று தங்கள் தட்டை வாங்கிக்கொண்டார்கள். மீதி எட்டும் துண்டில் சுற்றிய ஒரே பாத்திரத்தில், வேனில், பாப்பாவின் மடிமேல்.