குட்டி விமானத்துல என்ன இருக்கு?

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் வர்ஜீனியா விமான நிலையத்துல அக்கா மகள் செஸ்னா 172ங்கிற குட்டி விமானத்தை ஓட்டிப் பழகுறா. "எல்லாமே ஆட்டோபைலட்தானே, இதுல என்னத்தைக் கத்துக்கப் போறா?"ன்னு சாட்ஸ்வொர்த் சொந்தங்க கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். பதில் 1983லயே இருக்கு.

அந்த ஜூலையில கனடாவுல 41,000 அடியில பறந்துட்டிருந்த ஒரு போயிங் 767க்கு எரிபொருள் தீர்ந்து, ரெண்டு இன்ஜினும் நின்னுபோச்சு. கேப்டன் பாப் பியர்சன், இன்ஜினே இல்லாம மிதக்குற கிளைடர் விமானம் ஓட்டிப் பழகினவர். கிம்லி ஓடுபாதையை நெருங்கறப்போ உயரம் ஜாஸ்தி. வால் சுக்கானை ஒரு பக்கம் மிதிச்சு, இறக்கையை எதிர்ப்பக்கம் சாய்ச்சு, அவ்வளவு பெரிய விமானத்தைப் பக்கவாட்டுல சறுக்கவிட்டார். வேகம் ஏறாம உயரம் குறைஞ்சுது. 69 பேரும் பிழைச்சாங்க.

இதே வித்தையைத்தான் செஸ்னாவுலயும் சொல்லித் தர்றாங்க. போன வாரம் பின்சீட்ல உக்காந்து பாத்தேன் (வயித்துல புளியைக் கரைச்சுது, அது வேற கதை). கடற்காற்று தள்ளத் தள்ள, அவ கால் ரெண்டும் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி பெடல்ல ஓயாம வேலை செஞ்சுது. கண்ணு மீட்டர்ல இல்ல, ஓடுபாதையோட அந்தக் கோடியில.

சிமுலேட்டரும் வேணும்தான். ஆனா விமானம் சறுக்குறது இடுப்புல தெரியணும்னா இப்படித்தான் பழகணும். மணிக்கணக்குக்கு எண்ணி வைக்கிற ராண்ட்தான் அத்தானை உறுத்துது!