மொட்டைமாடிக்கு கீழ குடியிருக்கிறவன் கணக்கு

கொரோனா டைம்ல நெத்தியில வச்சு பாக்க வாங்குன டெம்பரேச்சர் கன் ஒண்ணு வீட்ல சும்மா கெடந்துச்சு. போன வருஷம் சித்திரையில ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு, ஃபேன் காத்தே அனலா அடிக்குதேங்கிற கடுப்புல அதை எடுத்து சீலிங்க பாத்து அமுத்துனேன். நம்பரே வரல, 'ஹை'னு காட்டுச்சு. 43 டிகிரிக்கு மேல போனா அது அப்படித்தான் காட்டுமாம், மனுஷனுக்குன்னு செஞ்ச மெஷின்தானே. அம்மா பாத்துட்டு "இன்னாடா, ஊட்டுக்கே ஜொரமா?"ன்னாங்க.

நாங்க இருக்கறது தண்டையார்பேட்டையில ரெண்டாவது மாடி, அதுக்கு மேல மொட்டைமாடி மட்டும்தான். இந்த ஏரியாவுல வாடகைக்கு வீடு தேடுனவங்களுக்கு தெரியும், டாப் ஃப்ளோர்னா ஐநூறு ஆயிரம் கம்மியா கேப்பாங்க, நாமளும் லாபம்னு நினைச்சு அட்வான்ஸ் குடுத்துடுவோம், அப்புறம் மார்ச் மாசம் வந்ததும் அந்த ஐநூறு ஆயிரம் எங்க போச்சுன்னு புரியும். மத்தியானம் ரெண்டு மணி வெயில அஞ்சு இஞ்ச் கான்கிரீட் தளம் அப்படியே குடிச்சு வச்சிக்கிட்டு, சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு மெதுவா நம்ம தலையில இறக்கும். வெளிய கடல் காத்து வந்தாலும் உள்ள ஆறாது.

அந்த 'ஹை'ய போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். அக்கா பையன் ஜெர்மனியில டார்ம்ஷ்டாட்ல எம்எஸ் படிக்கறான், உடனே அவன் ஒரு போட்டோ அனுப்புனான், அவன் இருக்கற அப்பார்ட்மெண்ட் முழுக்க சாரம் கட்டி வெளிச்சுவர் மேல வெள்ளை வெள்ளையா பலகை மாதிரி ஒட்டிட்டு இருக்காங்க. "மாமா, இது என்ன தெரியுதா? தெர்மாகோல்"னான். நான் கிண்டல் பண்றான்னு நினைச்சேன், தெர்மாகோல்னா நம்மாளுக்கு வைகை டேம்தானே ஞாபகம் வரும். நிஜமாவே தெர்மாகோல்தானாம், அரை அடி கனத்துக்கு ஒட்டி மேல வலை வச்சு பூசிடறாங்க. குளிர் உள்ள வராம இருக்க.

அதுலேர்ந்து எனக்கு இது ஒரு பைத்தியமா ஆயிடுச்சு. வேலை ஹார்பர் பக்கம் ஒரு ஆபீஸ்ல, பில் ஆஃப் லேடிங் டைப் அடிக்கறவன் நான், எனக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா ராத்திரி தூக்கம் வராதவன் என்ன பண்ணுவான், படிச்சிட்டு கெடந்தேன்.

ஐரோப்பிய யூனியன்ல செலவாகுற எனர்ஜியில 40 சதவீதம் கிட்ட கட்டடங்களுக்கே போகுது. அங்க இருக்கற கட்டடத்துல 85 சதவீதம் 2001க்கு முன்னாடி கட்டுனது, அதுல பெரும்பாலானது 2050லயும் அப்படியே நிக்கப்போகுது, அதனால புதுசா நல்லா கட்டுறதால மட்டும் ஒண்ணும் ஆகாது, பழசை சரி பண்ணியே ஆகணும். பண்றாங்களான்னா, வருஷத்துக்கு ஒரு சதவீதம்தான் நடக்குது. அதே வேகத்துல போனா நூறு வருஷம். அதான் 2020 அக்டோபர்ல 'ரெனோவேஷன் வேவ்'னு ஒண்ணு அறிவிச்சாங்க, 2030க்குள்ள மூணரை கோடி வீடு, கட்டடங்களை சரி பண்றோம்னு. ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுக்குன்னு ஹொரைசன் 2020, அப்புறம் ஹொரைசன் யூரோப்னு பெரிய பெரிய ஃபண்டு. தேடுனா ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு சுருக்கப் பேரு, வாயில நுழையாது, பாதிக்கு மேல நான் தாண்டிப் போயிட்டேன்.

தாண்டாம நின்னது ரெண்டு மூணுதான். ஒண்ணு எங்க பையன் இருக்கற டார்ம்ஷ்டாட் சமாச்சாரம். 1991ல அங்கதான் க்ரானிக்ஷ்டைன்ங்கற இடத்துல முதல் பாசிவ் ஹவுஸ்ல, அதாவது ஹீட்டரே அவ்வளவா தேவைப்படாத மாதிரி கட்டுன வீட்ல, ஆளுங்க குடி போனாங்க. ஒரு சதுர மீட்டருக்கு வருஷம் பூரா ஹீட்டிங்குக்கு 15 கிலோவாட் அவர் போதும்ங்கறது அவங்க கணக்கு, நம்ம ஈபி பாஷையில சொன்னா 15 யூனிட். அப்புறம் 1998லேர்ந்து 2001 வரைக்கும் செஃபியூஸ்னு ஒரு ஐரோப்பிய ப்ராஜெக்ட், அஞ்சு நாட்டுல 221 வீடு இதே மாதிரி கட்டி, ஆளுங்கள குடி வச்சு, நிஜமா எவ்ளோ செலவாகுதுன்னு மீட்டர் வச்சு பாத்தாங்க.

இன்னொண்ணு டாபுலா. இதுவும் டார்ம்ஷ்டாட்ல இருக்கற ஒரு வீட்டுவசதி ஆராய்ச்சி நிறுவனம் முன்ன நின்னு 2009லேர்ந்து 2012 வரைக்கும் பண்ணது. ஒவ்வொரு நாட்லயும் எந்த காலத்துல எந்த மாதிரி வீடு கட்டுனாங்க, சுவர் என்ன, கூரை என்ன, அதை சரி பண்ணா எவ்ளோ மிச்சம்னு ஆல்பம் மாதிரி வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, போட்டோவோட. அதை பாத்துட்டு இருக்கும்போது வடசென்னைக்கு ஒண்ணு போட்டா எப்படி இருக்கும்னு மனசுல ஓட ஆரம்பிச்சிடுச்சு.

மொத பக்கம் எங்க ஆயா வீடு, பழைய வண்ணாரப்பேட்டை. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம் போட்டு, அதுக்கு மேல சின்ன செங்கல்ல நிக்க வச்சு சுண்ணாம்புல கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய தெளிச்சு தெளிச்சு பொம்பளைங்க வரிசையா குந்தி கட்டையால நாள்கணக்கா தட்டுவாங்களாம், ஆயா சொல்லும். சீலிங் எட்டாத ஒசரத்துல இருக்கும். மே மாசம் அந்த கூடத்துல வெறும் தரையில படுத்தா ஃபேனே வேணாம். மழைக்கு ஒழுகும், உத்திரத்துல கரையான் வரும், அதெல்லாம் இல்லன்னு சொல்லல. 2006ல இடிச்சாச்சு. ரெண்டாவது பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வீடு. மூணாவது போர்டு ஹவுஸ் பிளாக்கு. நாலாவது இப்போ தெருவுக்கு தெரு நிக்கறது, அரை கிரவுண்டுல மூணு மாடி, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல பூனை போற சந்து, ஜன்னல் திறந்தா அவங்க சமையல் வாசனை. இந்த நாலாவதுல எவ்ளோ பேர் டாப் ஃப்ளோர்ல வெந்துட்டு இருக்கோம்னு யாராவது எண்ணிருப்பாங்களா.

நம்ம ஊர்லயும் விதி இருக்கு, அதை சொல்லணும். 2018ல மத்திய அரசோட எனர்ஜி சிக்கன அமைப்பு பீஇஇ கொண்டு வந்த இகோ நிவாஸ் சம்ஹிதா, வீடுகளுக்கான எனர்ஜி விதி, சுவிட்சர்லாந்துக்காரங்க கூட சேர்ந்து போட்டது. கூரை வழியா சூடு எவ்ளோ இறங்கலாம்னு ஒரு லிமிட் வச்சிருக்காங்க, வெறும் கான்கிரீட் தளம் அந்த லிமிட்டுக்கு மூணு மடங்கு கிட்ட விடும். நல்ல விஷயம்தான், ஆனா 2018ல போட்டப்போ அது 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கற மனையில புதுசா கட்டுற வீட்டுக்கு. 500 சதுர மீட்டர்னா ரெண்டே கால் கிரவுண்டு! தண்டையார்பேட்டையில ரெண்டே கால் கிரவுண்டு வச்சிருக்கறவர் ஏன் சார் மொட்டைமாடிக்கு கீழ படுக்கப்போறாரு.

ஐரோப்பாவுல இது முழுக்க குளிர் பிரச்சினைன்னு நினைச்சேன், அதுவும் தப்பு. 2003 ஆகஸ்ட்ல அங்க ஒரு வெயில் அடிச்சுதே, அந்த கோடையில மட்டும் ஐரோப்பா பூரா 70,000 பேருக்கு மேல செத்தாங்கன்னு பின்னாடி கணக்கு போட்டாங்க. பிரான்ஸ்ல யாரெல்லாம் அதிகமா செத்தாங்கன்னு ஆராய்ச்சி பண்ணப்போ, வயசானவங்க, தனியா கட்டில்ல கெடக்கறவங்க, அப்புறம் கூரைக்கு நேர் கீழ படுத்தவங்க. அதை படிச்ச அன்னிக்கு அம்மாவோட பாயை ஹால்ல ஜன்னலோரம் மாத்தி போட்டேன்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது நெதர்லாந்து கதைதான். 2010 வாக்குல ஆரம்பிச்சது, எனர்ஜிஸ்ப்ராங்னு பேரு. வீட்டை லேசர்ல அளவெடுத்து, ஜன்னல் கதவோட முழு சுவரையே ஃபேக்டரியில செஞ்சு லாரியில கொண்டு வந்து பழைய வீட்டுக்கு சட்டை மாட்டுற மாதிரி மாட்டிடறாங்க, மேல சோலார் வச்ச கூரை, பத்து நாள்ல வேலை முடிஞ்சிடும், குடியிருக்கறவங்க காலி பண்ணவே வேணாம். மிச்சமாகும்னு 30 வருஷம் வரைக்கும் கேரண்டி வேற. அப்புறம் ஐரோப்பிய ஃபண்டு வாங்கி பிரிட்டன், பிரான்ஸ்னு பரவுச்சு, 2017ல நாட்டிங்ஹாம்ல பண்ணாங்க.

ஆனா நான் அசந்தது அந்த சுவருக்கு இல்ல, காசு கணக்குக்கு. செலவு பண்றது வீட்டு ஓனரு, கரண்டு பில்லு குறையறது குடியிருக்கறவனுக்கு, அப்புறம் ஓனர் ஏன் காசு போடப்போறாரு? உலகம் பூரா இதான் முட்டுக்கட்டை. நெதர்லாந்துல 2016ல சட்டமே போட்டாங்க, முன்னாடி கேஸுக்கும் கரண்டுக்கும் கட்டிட்டு இருந்த காசை இப்போ வீட்டு ஓனரா இருக்கற வீட்டுவசதி சங்கத்துக்கு எனர்ஜி கட்டணம்னு குடு, அவன் அதுல போட்ட காசை எடுத்துக்கட்டும்னு. அதுவும் இல்லாம பத்து வீடோ அதுக்கு மேலயோ சேர்ந்த பிளாக்குல வேலை பண்ணணும்னா குடித்தனக்காரங்கள்ல 70 பேர்ல நூறு, சாரி, நூறுல 70 பேர் சம்மதிக்கணும். குடித்தனக்காரன்கிட்ட சம்மதம் கேக்கறாங்கய்யா!

ஜெர்மனியில வேற கதை. இந்த மாதிரி வேலைக்கு ஆன செலவுல வருஷத்துக்கு 8 சதவீதத்தை ஓனர் வாடகையில ஏத்திக்கலாம், 2019க்கு முன்னாடி 11 சதவீதம். அதனால சாரம் கட்டுனாலே அங்க வாடகைக்கு இருக்கறவங்களுக்கு வயித்தைக் கலக்குதாம். எங்க பையனும் அதான் சொன்னான், "மாமா, ஹீட்டர் பில் குறையும், ஆனா ரூம் வாடகை ஏறிடும்னு பேசிக்கறாங்க."

இன்னொரு சங்கதி. 2012ல கேம்பிரிட்ஜ்ல மின்னா சுனிக்கா பிளாங்க், ரே கால்வின்னு ரெண்டு பேர் 3,400 ஜெர்மன் வீட்டு கணக்கை எடுத்து பாத்தா, பேப்பர்ல இவ்ளோ செலவாகும்னு போட்டதை விட ஜனங்க சராசரியா 30 சதவீதம் கம்மியாத்தான் செலவு பண்றாங்க. ஏன்னா மோசமான வீட்ல இருக்கறவன் எல்லா ரூமையும் சூடு பண்ணிக்கிட்டா இருப்பான், ஒரே ரூம்ல போத்திக்கிட்டு ஒக்காந்திருப்பான். அப்போ வீட்டை சரி பண்ணா மிச்சமாகும்னு போட்ட காசும் அவ்ளோ மிச்சமாகாது, மிச்சம் பண்ண மொதல்ல செலவு பண்ணிருக்கணும்ல. படிச்சதும் எங்க அம்மாதான் கண்ணு முன்னாடி வந்தாங்க. ஏசி இருக்கு வீட்ல, பத்தரைக்கு போட்டு பதினொண்ணேகாலுக்கு ஆஃப் பண்ணிடுவாங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, அதுக்கு மேல ஸ்லாப் தாண்டிடுமோன்னு மாசம் பொறந்தா மீட்டர் பாக்கற ஆளு. எங்க வீட்டு பில்ல மட்டும் பாத்து எவனாவது ஆராய்ச்சி பண்ணா, இவங்க ஜம்முனு குளுகுளுன்னு இருக்காங்கன்னு எழுதிட்டு போயிடுவான்.

சரி, நம்ம கதைக்கு வரேன். நம்ம ஊருக்கு தெர்மாகோல் சுவர் வேணாம், கூரை வெள்ளையா இருந்தாலே பாதி வெயிலு திரும்பிப் போயிடும். கீழ் வீட்டு கொத்தனார் அண்ணன்கிட்ட கேட்டேன், "கூல் பெயிண்டெல்லாம் எதுக்கு சார், கிளிஞ்ச சுண்ணாம்பு வாங்கியாங்க, நைட்டே ஊறப்போட்டு ஃபெவிகால் கலந்து மூணு கோட்டு அடிச்சா ஜில்லுனு கீது"ன்னாரு. ஓனர்கிட்ட போன் பண்ணேன். பாதி பாதி போட்டுக்கலாம் சார்னு. "தளத்துல கை வச்சு ஒழுகுனா யாருப்பா பொறுப்பு?" கடைசியில முழு செலவும் நானே போடறேன்னதும் சரின்னுட்டாரு. ஆள்கூலி சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிது. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சோம், மூணாவது கோட்டு காயறதுக்குள்ள வெயில் ஏறி கண்ணே திறக்க முடியல, அவ்ளோ கூசுது, எதிர் வீட்டு ஆன்ட்டி துணி காயப்போட வந்தவங்க கண்ணை மறைச்சிக்கிட்டு திட்டுனாங்க. ராத்திரி எட்டரைக்கு டெம்பரேச்சர் கன்ன எடுத்து அமுத்துனேன். 37.8. நம்பர் வந்துடுச்சு! அம்மா "இன்னும் லேசா ஜொரம் கீது"ன்னாங்க. ஃபேன் காத்து காத்து மாதிரி இருந்துச்சு, அதுக்கு மேல எப்படி சொல்றதுன்னு தெரியல.

ஆடி மாசம் வாடகை குடுக்க போனேன். ஓனர் காசை எண்ணிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து ஐநூறு சேர்த்து குடுத்துடுப்பா, டாப் ஃப்ளோர்னுதான் கம்மியா விட்டேன், இப்போதான் வீடு கூலிங்கா இருக்குல்ல"ன்னாரு. பையனுக்கு வாய்ஸ் நோட் அனுப்புனேன், "டேய், உங்க ஜெர்மன் சட்டம் தண்டையார்பேட்டைக்கு வந்துடுச்சுடா"ன்னு. முந்நூறுக்கு பேசி முடிச்சேன்.

ஐப்பசி மழையில கொஞ்சம் கரைஞ்சு போச்சு, மீதி மேல எங்க ஏரியா தூசி. ஹார்பர்ல நிலக்கரி இறக்கறத 2011லயே நிறுத்திட்டாங்க, ஆனா எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையம், ராப்பகலா கன்டெய்னர் லாரி, மாடியில வெறுங்கால்ல நடந்தா உள்ளங்கால் கறுப்பாயிடும். வெள்ளை இப்போ சாம்பல் கலர்ல இருக்கு, நேத்து ராத்திரி அமுத்துனா 41.2. ரெண்டு மூட்டை சுண்ணாம்பு வாங்கி மாடிப்படி கீழ மறைச்சு வச்சிருக்கேன், கொத்தனார் அண்ணன் ஞாயித்துக்கிழமை வரேன்னாரு. இந்த தடவை ஓனர்கிட்ட சொல்லப்போறதில்ல.