85 எம்எம் லென்ஸ்: புதுசா, பழசா?

ரொம்ப நாளா ஒரு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் (1.8ங்கறது அபர்ச்சர், அதாவது வெளிச்சம் போற துளை எவ்ளோ பெருசா திறக்கும்ங்கறது) வாங்கணும்னு மனசுல ஓடிட்டே இருக்கு. போர்ட்ரெய்ட் எடுக்கத்தான், கைல இருக்கற, கேமராவோட சேந்து வந்த கிட் ஜூம்ல பேக்ரவுண்ட் அவ்ளோவா கலைய மாட்டேங்குது. புதுசா செகண்ட் ஹேண்டான்னு யார்கிட்ட கேட்டாலும் "பட்ஜெட் என்ன?"ன்னு தான் திருப்பி கேக்கறாங்க. எனக்கென்னவோ அதெல்லாம் ரெண்டாவது கேள்வி. அந்த லென்ஸுக்குள்ள என்னென்ன அசையுது, அதுல எது போனா செலவு வைக்கும், அதைத்தான் முதல்ல பாக்கணும்.

85 மாதிரி பிரைம்ல (ஜூம் பண்ண முடியாத லென்ஸ்) பெருசா ஒண்ணும் கிடையாது, கண்ணாடி, அபர்ச்சர் பிளேடு, ஃபோகஸ் மோட்டார், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ். ஜூம்னா அதோட முன்னபின்ன நகர்ற பகுதிங்க, ஒவ்வொரு தடவையும் வளைஞ்சு நிமிர்ற ஃப்ளெக்ஸ் கேபிள், ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை சரி பண்றது) இருந்தா அதுக்குன்னு ஆடிட்டே இருக்கற ஒரு எலிமென்ட் (உள்ள இருக்கற கண்ணாடித் துண்டு), இதுல எது எப்ப போகும்னு வெளிலேர்ந்து பாத்து சொல்லவே முடியாது. அதனால பிரைம்னா பழசு, ஸ்டெபிலைசேஷன் வச்ச ஜூம்னா புதுசு, இது என் கணக்கு.

என்கிட்ட இருக்கறது நிக்கான் இசட் பாடி, அதாவது மிரர்லெஸ் கேமரா. 2018ல மிரர்லெஸ்ஸுக்குன்னு இசட் மவுண்ட்டும் (மவுண்ட்னா லென்ஸ் மாட்டற இடம்) கேனான் ஆர்எஃப்பும் வந்தப்புறம் நிறைய பேர் டிஎஸ்எல்ஆர் லென்ஸையெல்லாம் வித்துட்டு மாறிட்டாங்க, நிக்கான் டிஎஸ்எல்ஆரோட பழைய எஃப் மவுண்ட் லென்ஸ் எல்லாம் நல்ல நிலைமைலயே கிடைக்குது. ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, பாடில இருக்கற மோட்டார் தான் அதை சுத்தும், எஃப் லென்ஸை இசட் பாடில மாட்ட வைக்கற எஃப்டிஇசட் அடாப்டர்ல அந்த வசதியே இல்ல, ஸோ கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். ஏஎஃப்-எஸ்னா உள்ளயே மோட்டார் இருக்கு, ஆட்டோஃபோகஸ் ஓடும். விலை கம்மியா இருக்கேன்னு டி வெர்ஷனை பிடிச்சிடாதீங்க. அடாப்டர் இல்லாதவங்க அதோட காசையும் சேத்துதான் கணக்கு போடணும், அப்ப புதுசுக்கும் பழசுக்கும் விலை வித்தியாசம் நிறைய சுருங்கிடும். (என்கிட்ட ஏற்கனவே இருக்கு, தப்பிச்சேன்.)

புது இசட் 85 எஃப் 1.8 எஸ் நல்ல லென்ஸ்தான், மறுக்கல. 2012ல வந்த ஏஎஃப்-எஸ் 85 ஜி ஃபுல்லா திறந்து வச்சு எடுத்தா ஃபோகஸுக்கு முன்னாடி பின்னாடி ஊதா, பச்சை ஓரம் வரும், எஸ்ல அது ரொம்ப குறைவு. முகம் எடுக்கறவனுக்கு அந்த ஓரம் பெருசா உறுத்தாது, பளபளக்கற நகை எடுக்கறவங்களுக்கு உறுத்தும்.

பழசுன்னா பாக்க வேண்டியதை பாத்துடணும். அபர்ச்சரை முழுசா திறந்துட்டு பின்னாடிலேர்ந்து டார்ச் அடிச்சு பாருங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி இழை இழையா தெரிஞ்சா ஃபங்கஸ், அது கண்ணாடி மேல பூசின கோட்டிங்கையே அரிச்சிடும், க்ளீன் பண்ணாலும் தழும்பு நிக்கலாம், வேணாம்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க. ரெண்டு மூணு தூசிக்கு பயப்பட வேணாம், அது படத்துல தெரியாது. முன் கண்ணாடில சின்ன கீறல்னா பரவால்ல, பின் கண்ணாடில இருந்தா தான் வம்பு. பிளேடுல எண்ணெய் பளபளப்பு, ஸ்க்ரூ தலைல கீறல் (யாரோ பிரிச்சு மேஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்), இதையும் பாத்துக்கோங்க. அப்புறம் செங்கல் சுவருக்கு நேரா நின்னு எஃப் 1.8ல ஒரு படம், நாலு மூலையையும் பெருசு பண்ணி பாத்தா ஒரு பக்கம் மட்டும் மங்கலா இருந்தா எலிமென்ட் தள்ளி உக்காந்திருக்குன்னு சந்தேகப்படலாம். நேரா நிக்காம சாஞ்சு எடுத்தாலும் அப்படித்தான் வரும், அதனால ரெண்டு தடவை எடுங்க.

இந்த மூலை பிரச்சனை பெட்டி பிரிக்காத புது லென்ஸ்லயும் வரும்ங்கறது தான் காமெடி. அதனால வாரன்டியை விட ரிட்டர்ன் பண்ற வசதிதான் எனக்கு பெருசு. புதுசு பெட்டிய பிரிச்ச உடனே விலை இறங்கிடும், பழசு ஏற்கனவே இறங்கினது, பத்திரமா வச்சிருந்தா வாங்கின விலைக்கு கிட்டக்கவே தள்ளி விட்டுடலாம்.

இப்ப ஒரு 85 ஜி பாத்து வச்சிருக்கேன். ஒரு வாரத்துக்குள்ள திருப்பி எடுத்துப்பீங்களான்னு விக்கறவர்கிட்ட கேட்டிருக்கேன், சரின்னா வாங்கிடுவேன், மழுப்பினா அடுத்த ஆளை பாக்க வேண்டியதுதான்.