ஒரு பத்திக்கு ஒரு வாரம்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நான் ஆங்கிலம் எடுக்கிறேன். பல வருடங்களாக எழுத்துப் பயிற்சி என்று நினைத்து நான் செய்துகொண்டிருந்தது இதுதான்: வெள்ளிக்கிழமை ஒரு தலைப்பைப் பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள், நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவேன். ஒரு நோட்டுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால்கூட 40 நோட்டுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். திருப்பிக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவருடைய மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், நோட்டு பைக்குள் போய்விடும். அடுத்த வாரம் அதே பிழை, அதே மாதிரி இடத்தில்.

இவர்கள் அக்கறையில்லாமல் இருக்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். ஒருநாள் ஒரே மாணவனின் மூன்று மாத நோட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். 'ஹி கோ' என்று அவன் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நான் 'ஹி கோஸ்' என்று திருத்தியிருக்கிறேன். மூன்று மாதமும் யோசித்தவள் நான், பார்த்துவிட்டு மூடி வைத்தவன் அவன். அவனுடைய கட்டுரையில் அவன் செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பத்தி. ஏழெட்டு வாக்கியம், அவ்வளவுதான். அதை வகுப்பிலேயே பேசி, எழுதி, கலைத்து, மறுபடி எழுதுகிறோம். பாடத்திட்டம் என்ன ஆவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மாதத்துக்கு நாலு கட்டுரை எழுதிய பிள்ளைகளைவிட நாலு பத்தி எழுதிய பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள் என்று நான் கண்ணால் பார்க்கிறேன், அதனால் இதிலிருந்து பின்வாங்குவதாக இல்லை.

பேச்சிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று சொன்னால் முதலில் வருவது எப்போதும் ஒரே பத்திதான்: அவர் ரொம்ப நல்லவர், என்மேல் அன்பாக இருப்பார், எனக்கு உதவி செய்வார், எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிழையே இருக்காது, ஆனால் அந்தப் பத்தியில் ஆளும் இருக்கமாட்டார். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தாள். "பாட்டிக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன். "வரும் மிஸ். கோபம் வந்தா காதுல இருக்கிற மெஷினைக் கழட்டி மேஜை மேல வெச்சிடுவாங்க. அதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாலும் கேக்காது" என்றாள். வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "இதெல்லாம் எழுதலாமா மிஸ்?" என்கிறாள். அந்தக் கேள்வி என்னை ரொம்பவே வருத்தியது, ஏனென்றால் எழுதக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, எழுதலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மனப்பாடக் கட்டுரைகளைப் பார்த்துப் பார்த்து, கட்டுரை என்றால் யாரைப் பற்றியும் எதையும் சொல்லாத ஒன்று என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியிருக்கிறாள்.

இந்தப் பேச்சைத் தமிழிலேயே பேச விடுகிறேன். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்ற விதியை நானும் ஒரு காலத்தில் கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தவள்தான். ஆனால் என்ன சொல்வது என்று தேடுவதும், அதை இன்னொரு மொழியில் எப்படிச் சொல்வது என்று தேடுவதும் இரண்டு தனித்தனி வேலை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டையும் ஒரே நொடியில் செய்ய வேண்டும் என்றால் தெரிந்த நாலு வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முதலில் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கட்டும். கிடைத்துவிட்டால் அதற்கான ஆங்கிலச் சொல்லை அதுவே வந்து கேட்கும்.

அப்புறம் வாக்கியம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், வாரத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போகிறது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்று கவனித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 'காலையில் எழுந்து, குளித்து, பையை எடுத்துக்கொண்டு, ஓடிப் போய்ப் பேருந்தைப் பிடித்தேன்.' இதில் முற்றுவினை ஒன்றுதான், மற்றதெல்லாம் வினையெச்சம், 'நான்' என்று சொல்லக்கூடத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சங்கிலி அப்படியே வராது. அதனால் பிள்ளை ஒவ்வொரு வினைக்கும் ஒரு 'ஐ' போட்டு, நடுவில் 'அண்ட் தென்' வைத்துக் கோத்துக்கொண்டே போகும். இதைச் சிவப்பில் வட்டமிட்டு ஓரத்தில் 'மோசமான நடை' என்று எழுதினால் அதற்கு என்ன புரியும்? தமிழ் வாக்கியத்தைப் பலகையில் எழுதி, இதில் எந்த வேலை முக்கியம், எது அதற்கு வழிவிடுகிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார்கள், பேருந்தைப் பிடித்ததுதான் முக்கியம் என்று. சரி, மற்றவற்றை 'ஆஃப்டர்' போட்டுக் கீழே இறக்கலாமா, இரண்டு வாக்கியமாகப் பிரிக்கலாமா, குளித்ததைச் சொல்லாமலே விடலாமா என்று அங்கிருந்து போகலாம்.

பெயரெச்சமும் அப்படித்தான். 'நேற்று வந்த பையன்' என்று தமிழில் விவரம் முன்னால் வந்து பெயர் பின்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் பையன் முன்னால் வந்துவிடுகிறான், 'ஹூ' போட்டு விவரம் பின்னால் வருகிறது. இந்தத் திருப்பம் பிடிபடாததால்தான் பல பிள்ளைகள் ஒரு பையன் வந்தான், அவன் நேற்று வந்தான் என்று துண்டு துண்டாக எழுதுகிறார்கள். இதை மட்டும் ஒரு வாரம் விளையாட்டு மாதிரி மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தேன், ஒருவர் தமிழில் சொல்ல அடுத்தவர் ஆங்கிலத்தில் திருப்ப வேண்டும். 'ஏ', 'தி' சமாச்சாரத்துக்கும் தமிழே கை கொடுக்கிறது. கதையில் முதலில் 'ஒரு நாய்' வரும், அடுத்த வரியில் அது 'அந்த நாய்' ஆகிவிடும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியும் உண்டு. நாய்க்கு வயதாகிவிட்டது, நாய் கதவருகே படுத்திருந்தது, அது பையனுக்காகக் காத்திருந்தது என்று மூன்று சின்ன ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்கிறேன். ஆறேழு விதமாக வரும், எல்லாமே சரியாக இருக்கும். எது சரி என்று கேட்டுப் பழகியவர்கள் எது நன்றாக இருக்கிறது என்று வாதாட ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். பையனைக் கடைசியில் வைத்தால் மனசு பையனிடம் போகிறது, கதவைக் கடைசியில் வைத்தால் கதவிலேயே நிற்கிறது என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இன்னொன்று, ஜூடித் ஹாக்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் பரவலாக்கிய பயிற்சி. ஒரே தொடக்கத்தைக் கொடுத்து 'பிகாஸ்', 'பட்', 'ஸோ' என்ற மூன்று சொல்லாலும் தனித்தனியாக முடிக்க வேண்டும். செடிகளுக்கு வெளிச்சம் தேவை, ஏனென்றால் அதைக் கொண்டுதான் அவை உணவு தயாரிக்கின்றன. செடிகளுக்கு வெளிச்சம் தேவை, ஆனால் கடும் வெயிலில் சில செடிகளின் இலை கருகிவிடும். செடிகளுக்கு வெளிச்சம் தேவை, அதனால் அவை ஜன்னல் பக்கம் சாய்ந்து வளர்கின்றன. பார்ப்பதற்கு இலக்கணப் பயிற்சி மாதிரி இருக்கிறது, ஆனால் விஷயம் தெரியாமல் 'பட்' வாக்கியத்தை முடிக்கவே முடியாது. பாடம் புரிந்ததா இல்லையா என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும், அறிவியல் ஆசிரியர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

இலக்கணம் சொல்லிக்கொடுக்காமல் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், 4 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது அது. திட்டமிடுவது, திருத்தி எழுதுவது ஆகியவற்றைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தால் எழுத்து மேம்படும் அளவு 0.82 என்று வந்தது, வாக்கியம் இணைக்கும் பயிற்சிக்கு 0.50. இந்த மாதிரிக் கணக்கில் 0.8 என்றால் பெரிய மாற்றம், 0.5 நடுத்தரம். இலக்கணத்தை மட்டும் தனிப் பாடமாக நடத்தியதற்கு வந்தது மைனஸ் 0.32. அதற்காக இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், தாய்மொழியில் எழுதும் பிள்ளைக்குக் காதிலேயே இருக்கும் பல விஷயங்கள் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. ஆனால் அதை எழுதுகிற வாக்கியத்துக்குள்ளேயே சொல்ல முடிகிறது.

பிழை திருத்துவது பற்றிக்கூட நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் மொழியில் எழுதும் மாணவர்களின் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனில்லை, அதைக் கைவிட வேண்டும் என்று ஜான் டிரஸ்காட் 1996-ல் எழுதினார். 1999-ல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். வகுப்பில் நிற்கும் எனக்கு இருவர் பக்கமும் கொஞ்சம் உண்மை தெரிகிறது. எல்லாவற்றையும் திருத்தினால் எதுவும் ஒட்டுவதில்லை, எதையுமே திருத்தாமல் விட்டால் தவறே பழகிப்போகிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பிழை வகையை எடுத்துக்கொள்கிறோம், உதாரணமாக இறந்தகால வினை. பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். அந்த வரியில் எது தவறு, எப்படி மாற்றுவது என்பதெல்லாம் எழுதியவரின் வேலை. மற்ற பிழைகள் அந்த இரண்டு வாரம் அப்படியே கிடக்கட்டும். இது எனக்குச் சுலபமாக வரவில்லை, இப்போதும் கை துறுதுறுக்கும்.

நோட்டில் நான் எழுதுவது ஒரு கேள்வி மட்டும்தான், அதுவும் விஷயத்தைப் பற்றி. பாட்டி மறுபடி எப்போது அந்தக் கருவியை மாட்டிக்கொள்வார்? இந்த மாதிரி.

பலகையில் நானும் அவர்கள் முன்னாலேயே எழுதுகிறேன், முன்கூட்டித் தயார் செய்யாமல். ஒரு வாக்கியம் எழுதி, படித்து, பிடிக்காமல் அடித்து, வேறு சொல் தேடி நிற்பேன். எழுதுவது என்றால் மேலிருந்து கீழே நிற்காமல் ஓடுவது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், ஏனென்றால் அவர்கள் பார்த்ததெல்லாம் அச்சான பக்கங்களைத்தான். பெரியவர் ஒருவர் ஒரு வரிக்கு மூன்று நிமிடம் திணறுவதைப் பார்த்த பிறகு, தாங்கள் திணறுவது திறமைக்குறைவு இல்லை என்று அவர்களுக்குப் படுகிறது. முதல்முறை இதைச் செய்த அன்று, எப்போதும் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி நாலு வரி எழுதி, அதில் இரண்டை அடித்திருந்தாள். அந்தப் பக்கத்தை நான் எல்லோருக்கும் காட்டினேன்.

திருத்தி எழுத வைப்பதுதான் உண்மையிலேயே கஷ்டம். 'ரிவைஸ் பண்ணு' என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது, கையெழுத்தை அழகாக்குவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நான்சி சோமர்ஸ் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள்கூடத் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது என்று நினைத்தார்கள், அனுபவமுள்ள எழுத்தாளர்கள்தான் தங்கள் வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள். கல்லூரியிலேயே அப்படி என்றால் பன்னிரண்டு வயதில் எப்படி இருக்கும்?

இதற்கு ஓரளவு உதவியது காகிதக் கப்பல். கப்பல் செய்வது எப்படி என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும், நோட்டைப் பக்கத்து வரிசையில் கொடுத்துவிட வேண்டும், வாங்கியவர் அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும், எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. 'தாளை மடி' என்று எழுதியிருக்கிறது. நீளவாக்கிலா, அகலவாக்கிலா? 'மூலையைக் கீழே கொண்டு வா.' எந்த மூலையை, எதுவரைக்கும்? அன்றைக்கு ஒரு கப்பல்கூட உருப்படியாக வரவில்லை. எழுதியவர்கள் தவித்துப் போனார்கள், நோட்டு திரும்பக் கைக்கு வந்ததும் நான் சொல்லாமலே உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தார்கள். படிப்பவர் ஒருவர் எதிரில் இருக்கிறார், அவருக்குப் புரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. அதிலிருந்து எந்தப் பத்தியாக இருந்தாலும் வாரக் கடைசியில் ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படிக்கிறார்கள். படிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுதியவர் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்.

பாட்டியைப் பற்றி எழுதிய மாணவி மூன்று முறை மாற்றி எழுதினாள். மூன்றாவது வரைவில் 'ரொம்ப நல்லவர்' என்ற வாக்கியத்தைக் காணவில்லை. கேட்டதற்கு, "அது தேவைப்படல மிஸ்" என்றாள். என் கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள்: தாத்தா வந்து கருவியை எடுத்துப் பாட்டியின் கையில் கொடுப்பாராம், பாட்டி வாங்கி மாட்டிக்கொண்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தமாம்.

எல்லாருக்கும் இது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் ஒருவன் இருக்கிறான், பத்து நிமிடத்தில் பிழையில்லாமல் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவான். சொல்வளம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, திரும்பப் பார்க்க மட்டும் மனம் வருவதில்லை. அவன் நோட்டு இப்போது என் மேஜை மேல்தான் இருக்கிறது, இரண்டாவது வரைவில் ஒரு சொல்கூட மாறவில்லை, கையெழுத்து மட்டும் இன்னும் அழகாகியிருக்கிறது. திங்கட்கிழமை அவனை ஆறாம் வகுப்புக்கு அழைத்துப் போய், அந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லப்போகிறேன். அவர்கள் கேள்வி கேட்பதில் சளைக்கமாட்டார்கள்.