வைவாவில் 60-க்கு 22

சிவில் ஜட்ஜ் தேர்வில் தேறியவர்களின் தற்காலிகப் பட்டியல் வந்துவிட்டது. 245 இடங்களில் என் எண் இல்லை. மெயின்ஸ் எழுத்துத் தேர்வின் நாலு தாளிலும் நான் மோசமில்லை. கவிழ்த்தது வைவா என்கிற நேர்முகத் தேர்வுதான், 60-க்கு 22. பிரிலிம்ஸுக்கு எதைப் படிப்பது, தீர்ப்பு எழுதும் தாள்களில் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த 22-ஐப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 10 என்ன சொல்கிறது என்றார்கள். வழக்கில் எதில்தான் தகராறு என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள, நீதிபதியே கட்சிக்காரரை வாய்மொழியாக விசாரிக்கலாம் என்று விதி எண்ணோடு ஒப்பித்தேன். அடுத்து கூர்சீட்டு, அதாவது குடும்பச் சொத்தில் யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிக்கொள்ளும் சீட்டு. முன்பே வாய்மொழியாக நடந்த பாகத்தைக் குறித்து வைத்த சீட்டு என்றால் பதிவு தேவையில்லை, அந்தச் சீட்டாலேயே பாகம் பிரிகிறது என்றால் பதிவுச் சட்டம் 17-வது பிரிவில் விழும் என்றேன். தலையாட்டினார்கள். "நீங்க நடத்தின வழக்குல கூர்சீட்டு வந்திருக்கா?"

வந்திருந்தது. உற்சாகமாக ஆரம்பித்தேன்.

பாகப்பிரிவினை வழக்கு. வாதி என் கட்சிக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், விவசாயி. எங்கள் சீனியர் என்னை நம்பித் தனியாக விட்ட முதல் கட்டு அது. சொத்து இன்னும் பொதுவில்தான் இருக்கிறது என்று பிராது போட்டு, பிரமாண வாக்குமூலமும் தாக்கல் செய்தாகிவிட்டது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாகக் கேட்டார்: "உங்க அப்பா இருக்கும்போதே அண்ணன் தம்பிங்க கூர்சீட்டு எழுதிக்கிட்டீங்கல்ல?" கூண்டில் நின்றவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாங்க ஐயா" என்றார். சொத்து பொதுவில் இல்லை, முன்பே பிரிந்துவிட்டது என்றாகிவிட்டது. வழக்கு தள்ளுபடி.

"கட்சிக்காரர் அதை என்னிடம் மறைத்துவிட்டார்" என்று முடித்தேன்.

"மறைச்சாரா, நீங்க கேட்கலையா?"

"மறைத்துவிட்டார், சார்."

குழுவில் ஒருவர் பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அந்த ஒரு பதிலால்தான் மதிப்பெண் போயிற்று என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஏனென்றால், நான் சொன்னது பொய்.

தள்ளுபடியான அன்றைக்கே கோர்ட் வராந்தாவில் அவரிடம் சண்டை போட்டிருந்தேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மொத நாளே ஆரம்பிச்சேன் வக்கீலம்மா. கதை வேண்டாம், பத்திரத்தை எடுங்கன்னுட்டீங்க." சொல்லியிருக்கிறேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன். ஆர்டர் 10 மனப்பாடம். எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் அதில் பாதிகூடச் செய்யவில்லை.

எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. யார் வந்தாலும் "எந்த பஸ்ல வந்தீங்க, சாப்டீங்களா" என்றுதான் தொடங்குவார். டீ வருவதற்குள் பங்காளிச் சண்டை, பத்திரம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, எல்லாம் வெளியே வந்துவிடும். நான் அதை வெட்டிப்பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூர்சீட்டு விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது தனிக் கொடுமை. "மேடத்துக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார்.

இனி என்னைப் போல வாய் நீளமானவர்களுக்கு மட்டும். (கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது உதவாது, உங்கள் பிரச்சினை வேறு.)

1. கட்சிக்காரர் உட்கார்ந்ததும் பத்து நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். கடைசியில் "நான் கேட்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பத்து கைடுக்குச் சமம்.

2. தினம் ராத்திரி நோட்டில் அரைப் பக்கம். சட்டம் எழுதக் கூடாது. இன்று யார் பேச்சை வெட்டினேன், ஏன் வெட்டினேன், அவ்வளவுதான். என் நோட்டில் முதல் வாரம் முழுக்க அம்மா பெயர்தான்.

3. தோற்ற வழக்கு ஒன்றை வைவாவுக்கு முன்பே எழுதிப் பாருங்கள், உங்கள் தப்பை முதல் வரியில் வைத்து. எழுதக் கை வரவில்லை என்றால் அங்கேயும் வாய் வராது.

4. மாக் வைவாவுக்கு, அதாவது ஒத்திகைக்கு, நண்பர்கள் வேண்டாம், புகழ்ந்தே கெடுப்பார்கள். என் பயிற்சி முழுக்க அப்படித்தான் போனது.

5. வழக்குகளைப் பேசி முடிக்கும் லோக் அதாலத் நாளில் ஒரு ஓரமாக உட்காருங்கள். விபத்து வழக்கில் தொகை பேசுவதற்கு முன், இழப்பீடு கேட்டு வந்திருக்கும் அம்மாவை எத்தனை பேர் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

6. பழைய சாட்சியச் சட்டம் 165-வது பிரிவு, நீதிபதி சாட்சியிடம் கேள்வி கேட்கும் அதிகாரம். படித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்துவிட்டது, பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 168. எண்ணை மாற்றிப் படிக்கப் பழகுங்கள்.

போன வாரம் அந்தக் கட்சிக்காரர் அப்பீல் பற்றிக் கேட்க வந்தார். நேராகக் குமாஸ்தா அண்ணன் மேஜைக்குத்தான் போனார். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பேசினார், இரண்டு தடவை குறுக்கே பேசிவிட்டேன்.

மொழிபெயர்ப்புத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண். அதற்கான குறிப்புகளைத் தனியாக எழுதுகிறேன்.