கமார்க்கின் கடல் அணையில் சைக்கிள்

"ஆர்லில் தமிழ்க்கடை இருக்கா?" பாரிஸிலிருந்து தெற்கே, ஆர்ல் நகரத்துக்குக் குடிபோகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். இல்லை. கோயில் இல்லை, தமிழ்ப் பள்ளிக்கூடமும் இல்லை. வெண்டிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வேண்டுமென்றால் ரயிலேறி மார்செய் நகரத்து நோவாய் சந்தைக்குப் போக வேண்டும். கணவருக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்தது, வந்துவிட்டோம். "லாச்சப்பலை விட்டுப்போட்டு அந்த உப்புக்காட்டில என்னடி செய்யப் போறாய்?" என்று, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலை நினைத்து அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. சைக்கிள் ஓடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுப் பெண்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாமல் இருக்க வழியில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கண்ணில் காணாத பொருள். பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, ஆஸ்பத்திரி, கடைசியில் இடம்பெயர்வு, எல்லாம் சைக்கிளில்தான். பற்றறிக்கும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அப்படி வளர்ந்தவள், பாரிஸ் புறநகரில் இருந்த காலம் முழுக்க ஒரு ஹாண்டிலைத் தொட்டதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே வெள்ளைக்கோடு ஒன்றை இழுத்துவிட்டு, இதுதான் சைக்கிள் பாதை என்றால் யார் நம்புவது? இப்போது அங்கே நிலைமை நன்றாக மாறிவிட்டது என்கிறார்கள். சரி, இருக்கட்டும்.

ரோன் நதி ஆர்லுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டு கிளைகளுக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் சதுப்பு, வாவி, வயல், உப்பு வெளிதான் கமார்க். இதன் நடுப்பகுதி 1927 முதல் இயற்கைக் காப்பகம். 1970 முதல் சுற்றுவட்டாரமும் சேர்ந்து இயற்கைப் பூங்கா. ஏற்றம் இறக்கம் என்ற பேச்சே இல்லாத தட்டை நிலம். அதன் தென்கோடியில், ஒரு பக்கம் வக்கரேஸ் என்ற பெரிய வாவி, மறுபக்கம் கடலோர ஏரிகள், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணை ஓடுகிறது. ‘டீக் அ லா மேர்’ என்பார்கள். புயல் நேரத்தில் கடல் உள்ளே ஏறி வயலைக் கெடுக்காமல் இருக்க 1859-ல் கட்டி முடித்தது. அதன் மேல் மோட்டார் வண்டி எதற்கும் அனுமதியில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், அவ்வளவுதான்.

செந்த்-மரி-த-லா-மேர் என்ற கடற்கரை ஊரில் தொடங்கிக் கிழக்கே போவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் வரை கார் வரும், பிறகு நின்றுவிடும். அங்கிருந்து கேட்கிற சத்தம் உங்கள் சைக்கிள் செயினின் சத்தம்தான். பாதை தார் இல்லை. சரளையும் மண்ணும், இடைக்கிடை காற்று கொண்டுவந்து கொட்டிய மணலும். மணலில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். மெல்லிய ரயர் போட்ட ரேசிங் சைக்கிளில் வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் சாமான் பை கட்டி, நாள்கணக்காக ஊர் ஊராகப் போகும் ஜெர்மன்காரரும் டச்சுக்காரரும் வருவார்கள். ஜெனீவா ஏரியிலிருந்து ரோன் நதியோடு கூடவே வரும் நெடும் சைக்கிள் பாதை கடலைத் தொடுவது இந்தப் பக்கத்தில்தான். அவர்களுக்குக் கமார்க் பயணத்தின் முடிவு. எனக்கு வீட்டிலிருந்து புறப்படும் இடம்.

காரில்லாத பாதையின் அருமை இயற்கைக் காட்சி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். இருவர் பக்கத்துப் பக்கத்தில் கதைத்துக்கொண்டே ஓடலாம் என்பதுதான் முதல். யாழ்ப்பாணத்து வேம்படிச் சந்தியில் நாலு பேர் றோட்டை மறித்துக்கொண்டு ஓடிப் பேச்சு வாங்கிய அந்தச் சுகம், இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த அணையில் திரும்பக் கிடைத்தது. மகள் சைக்கிள் பழகியதும் இங்கேதான். பாரிஸில் பிறந்த பிள்ளை, பதின்மூன்று வயது வரை ஓடத் தெரியாது. வீட்டில் கேட்டதற்கு மட்டும் "ஓம்", "இல்லை" என்பவள், அணையில் ஏறினால் வாய் மூடமாட்டாள். புதுப் பள்ளிக்கூடத்தில் தன் பேரை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை என்பதை அவள் எனக்குச் சொன்னது, முகத்தைப் பார்க்காமல், முன் சில்லைப் பார்த்துக்கொண்டு.

பாதி வழியில் கஷோல் கலங்கரை விளக்கம். 1882-ல் கட்டியது. செந்த்-மரியிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஒரு நாள் அதற்குக் கொஞ்சம் முன்னால் வயதான ஒருவர் முக்காலியில் தொலைநோக்கி வைத்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் பூநாரைகள், தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்தபடி. மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். "காலைப் பார். மேல் மூட்டுக்குப் பக்கத்தில் வளையம் தெரியுதா? எழுத்தை வாசி." இங்குள்ள தூர் து வலா ஆராய்ச்சி நிலையத்தார் 1977 முதல் பூநாரைக் குஞ்சுகளுக்கு இப்படி எழுத்துப் பொறித்த பிளாஸ்டிக் வளையம் மாட்டி வருகிறார்கள், தூரத்திலிருந்தே வாசிக்கலாம். பறவை அசைய அசைய மகள் ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொன்னாள், அவர் ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, எந்த ஊர் என்றார். இலங்கை என்றேன். "அங்கே பூநாரை உண்டா?" மன்னாரில் உண்டு, மாரியோடு வரும், இதே இனம்தான் என்றேன். எந்த மாதம், எத்தனை இருக்கும், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று துருவித் துருவிக் கேட்டார். இந்த நாட்டில் என் ஊரைக் கேட்டவர்களில் போரைப் பற்றிக் கேட்காமல் பறவையைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர் அவர்.

அணைகளால் ஒரு வில்லங்கமும் வந்தது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றுக்கும் கரை கட்டிவிட்டார்கள். வெள்ளம் நின்றது, நல்ல தண்ணீரும் நின்றது. உப்பு மேலே ஏறியது. அணையோரம் வெள்ளை பூத்துக் கிடக்கும் தரையில் உப்பு மண்ணைத் தாங்கும் உமரிச் செடிதான் முளைக்கிறது. அந்த உப்பை அமுக்கி வைக்க ரோன் நதித் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச வேண்டும், அதற்குத் தோதான பயிர் நெல்.

நெல் இங்கே ஊன்றியது எப்படி என்பதை அணையின் மறுகோடியில், சலேன்-த-ஜிரோ ஊரில் தெரிந்துகொண்டேன். 1939-ல் போர் தொடங்கியதும் பிரெஞ்சு அரசு வியட்நாமிலிருந்து ஏறத்தாழ 20,000 பேரை வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கென்று கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. பெரும்பாலானோர் விரும்பி வந்தவர்கள் இல்லை. 1940-ல் பிரான்ஸ் தோற்றதும் பலரால் ஊர் திரும்ப முடியவில்லை. அவர்களில் கொஞ்சப் பேரை 1941-ல் கமார்க்கில் நெல் விதைக்க அனுப்பினார்கள். கமார்க் அரிசி ஒரு தொழிலாக நிமிர்ந்தது அவர்கள் கைவேலையால். அவர்களுக்கான நினைவுச்சின்னம் சலேன்-த-ஜிரோவில் வைக்கப்பட்டது 2014-ல். எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். அந்தச் சின்னத்தைப் பார்த்த பிறகு நான் கடையில் வேறு அரிசி எடுப்பதில்லை. இங்கே சிவப்பரிசியும் விளைகிறது. மாவாக்கி வறுத்துப் புட்டு அவித்தேன். எங்கள் ஊர் மொட்டைக்கறுப்பன் அரிசி இல்லை, ஆனால் சாப்பிடலாம்.

பாரிஸிலிருந்து வருகிறவர்கள் பூநாரையை இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். அவர்களைக் கட்டிப்போடுவது செந்த்-மரி தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் கறுப்புச் சாராவின் சிலைதான். ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் காவல் தெய்வம். உடுப்புக்கு மேல் உடுப்பாகச் சாத்தி, மெழுகுதிரிச் சூட்டில் நிற்கிறாள். மே 24 அன்று குதிரைக்காரர்கள் சூழக் கடலுக்குள் தூக்கிப் போவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றப் போன எங்கள் ஆட்களைப் பிடித்து நிறுத்துவது என் வேலை.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கோடை மத்தியானம் வேண்டாம். அணையில் ஒரு மர நிழல் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. மழைக்குப் பிறகு நுளம்பு மொய்க்கும், மாலையில் இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. மிஸ்ட்ரால் என்கிற வடகாற்று எழும்பினால் நாள்கணக்கில் நிற்காது. நான் அதை வாடை என்றுதான் சொல்வேன், மகளும் இப்போது அப்படியே சொல்கிறாள். விலாவில் அறையும், நேராக ஓட முடியாது. வானிலையைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. சலேன்-த-ஜிரோவை அடைந்தால் உப்பு மலைகளும் இளஞ்சிவப்புப் பாத்திகளும் உண்டு. அங்கே கார் வரும் றோட்டுத்தான், ஆனால் நெரிசல் இல்லை.

பாத்திகளில் ஒரு பெரும் பங்கு இப்போது உப்பளம் இல்லை. 2008 முதல் அரசின் கரையோரக் காப்பு நிறுவனம் ஏறத்தாழ 6,500 ஹெக்டேரை வாங்கி, முன்வரிசைக் கடலணைகளைப் பழுதுபார்ப்பதை நிறுத்தி, கடலை அதன்பாட்டில் வரவிட்டிருக்கிறது. உப்பில் வேலை செய்த குடும்பங்களுக்கு இதில் கடுங்கோபம். அந்தக் கோபம் விளங்குகிறது. ஆனால் கரையே பின்வாங்கும் இடத்தில் கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பது காசுக்குக் கேடு என்றுதான் எனக்குப் படுகிறது. நாங்கள் ஓடும் அணை உள்வரிசை, அதனால் இன்னும் நிற்கிறது.

செப்டம்பரில் அக்கா வருகிறாள், சைக்கிளில் ஏறி இருபது வருடத்துக்கு மேல் ஆனவள். பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, சீற்றை இறக்கி, அகல ரயர் மாற்றி வைத்திருக்கிறேன். போனில், "அங்க வழியில கடை இருக்கா?" என்றாள். இல்லையென்றேன். லாச்சப்பலில் வடையும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.