எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டால்

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஆஸ்பத்திரியில எத்தனை பேர் பிழைச்சாங்க மேடம்?" ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் இருந்தேன். கொரோனா வார்டு பார்த்ததோடு, இறந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்து ஏன் இறந்தார் என்று அலசும் குழுவிலும் என்னைப் போட்டிருந்தார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு என்னால் ஓர் எண்ணைச் சொல்ல முடியும். எந்த மாதத்து எண் என்று திருப்பிக் கேட்காதவரிடம் அதைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

2020 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். அப்போது பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே வார்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். காய்ச்சல்கூட இல்லாத இளைஞர்கள் கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை நெகட்டிவ் வந்தால்தான் வீட்டுக்கு விடலாம் என்பது விதி. அட்மிட் ஆனவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளே அல்ல என்பதால் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது. எங்களையும் பாராட்டினார்கள். மே 8 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் டிஸ்சார்ஜ் விதியை மாற்றியது. லேசான நோய் உள்ளவர்கள் அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கடந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மறுபரிசோதனை இல்லாமலே போகலாம். அப்புறம் கல்லூரி விடுதிகளில் கோவிட் கேர் மையங்கள் வந்தன, வீட்டுத் தனிமை வந்தது. எங்களிடம் மூச்சுத் திணறுபவர்கள் மட்டும் வரத் தொடங்கினார்கள். விகிதம் மளமளவென்று ஏறியது. "போன மாசம் நல்லாத்தானே பார்த்தீங்க, இப்ப என்ன ஆச்சு?" என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்டார்கள். உண்மையில் போன மாதத்தைவிட நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வகுக்கும் எண் மாறிவிட்டது, அவ்வளவுதான். வகுபடும் எண்ணும் ஒன்றும் கல்வெட்டு இல்லை. அந்த ஜூலை 22 அன்று, சென்னையில் முன்பு கணக்கில் வராத 444 இறப்புகளை மாநில அரசு மொத்தமாகப் பட்டியலில் சேர்த்தது.

கணக்கை விட்டுவிட்டு வார்டுக்குள் பார்த்தால், அந்த ஜூன், ஜூலை மாதங்களில் நிஜமாகவே ஒரு மாற்றம் நடந்தது. ஆரம்பத்தில் எங்கள் கையிலிருந்ததெல்லாம் இத்தாலியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த பயம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு, 85 சதவீதத்துக்கு இறங்கினால் உடனே டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துவிட வேண்டும் என்று நினைத்தோம். 80-க்குக் கீழே இருந்துகொண்டே "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்கும் மனிதரை அதற்கு முன் எந்த நோயிலும் நாங்கள் பார்த்ததில்லை. மெல்ல மெல்லத்தான் புரிந்தது. பேசுகிறார், சாப்பிடுகிறார் என்றால் மாஸ்க்கோடும், மூக்கு வழியாக வேகமாக ஆக்ஸிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோவோடும் பொறுத்துப் பார்க்கலாம்; குப்புறப் படுக்க வைத்தால் பலருக்குச் சாச்சுரேஷன் நாலைந்து புள்ளி ஏறும். தொந்தி உள்ளவர்களைக் குப்புறப் படுக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எந்த வழிகாட்டு நெறிமுறையிலும் இல்லை. மார்புக்குக் கீழே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று என்று தலையணை வைக்க வேண்டும். அரசு வார்டில் ஒருவருக்கு ஒரு தலையணை கிடைப்பதே பெரிய விஷயம். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம்.

ஜூன் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ரெகவரி ஆய்வின் முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்ஸிஜனில் மட்டும் இருந்தவர்களுக்குப் பலன் சிறியது: 26.2-லிருந்து 23.3. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிற, சில ரூபாய் விலையுள்ள மருந்து. இந்தத் தொற்றுக் காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக நல்ல செய்தி அதுதான் என்பேன்.

அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை. அந்தப் பிரிவில் மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்திருந்தார்கள். அந்த வரியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. 2021-ல் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கிவிட்டு, சர்க்கரை 400-ஐத் தாண்டிய நிலையில் வந்தவர்களை வரிசையாகப் பார்த்தோம். அவர்களில் சிலர் பிழைத்து வீட்டுக்குப் போய், கன்னம் மரத்து, கண் வீங்கி, கறுப்புப் பூஞ்சையோடு திரும்பி வந்தார்கள். கொரோனாவில் 'குணமடைந்தவர்' என்று நாங்கள் ஏற்கனவே எழுதி முடித்த கேஸ் ஷீட்டுகள் அவை.

வெளிநாட்டுக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனைகளில் அட்மிட் ஆன கொரோனா நோயாளிகளின் இறப்பு விகிதம் 2020 மார்ச்சில் 25.6 சதவீதம், ஆகஸ்டில் 7.6. பிற்பாடு வந்தவர்கள் இளவயதினர் என்பதையும் மற்ற நோய்கள் குறைவு என்பதையும் கழித்த பிறகு வந்த எண்கள் இவை. ஒரே வைரஸ், அதே மருத்துவமனைகள், ஐந்து மாத இடைவெளி. இதற்கு மருந்து மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. மார்ச்சில் அங்கே கூட்டம் நெரிந்தது, ஆகஸ்டில் இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு இதை நேராகவே சொன்னது. ஐசியு படுக்கைகளுக்கான தேவை உச்சத்தை நெருங்கிய நாட்களில், ஐசியுவில் இருந்த கொரோனா நோயாளி இறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு.

எங்களுக்கு அந்தப் பாடம் 2021 மே மாதத்தில் நடந்தது. தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய மாதம் அது. ஓராண்டு அனுபவம், டெக்ஸாமெத்தசோன், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பரின், ஹை ஃப்ளோ, குப்புறப் படுக்கை எல்லாம் கையில் இருந்தன. ஆனாலும் முதல் அலையைவிட அதிகம் பேர் எங்கள் கண்முன் இறந்தார்கள். அந்த அலையில் பரவிய டெல்டா வகை வைரஸ் கொடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இறப்பு ஆய்வுக் குழுவில் உட்கார்ந்து அந்த மாதத்துக் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோது, 'வைரஸ்' என்ற ஒரே பதிலில் என்னால் நிற்க முடியவில்லை.

ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜம்போ சிலிண்டர் என்று நாங்கள் சொல்லும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதே சிலிண்டரை நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் ஹை ஃப்ளோவில் சுத்த ஆக்ஸிஜனாகக் கொடுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பை வைத்த மாஸ்க்கில் ஆளுக்கு 15 லிட்டர் வீதம் நாற்பது பேர் இருக்கும் ஒரு வார்டு, ஒரு மணி நேரத்தில் 36,000 லிட்டர் குடிக்கும். திரவ ஆக்ஸிஜன் தொட்டி இருந்தாலும் பிரச்சினை தீராது. திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர், அது தாங்கும் அளவுக்கு மேல் இழுத்தால் பனி பிடித்து உறைந்துபோகும். மே மாத வெயிலில் வெண்பனி மூடி நின்ற அந்தக் குழாய்களின் மேல் ஆட்கள் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் இருப்பு இருக்கும். ஆனால் நீண்ட பைப் லைனின் கடைசியில் உள்ள வார்டில் அழுத்தம் இறங்கிவிடும். வென்டிலேட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக அலாரம் அடிக்கும். ஆகவே கடைசி வார்டில் மோசமானவர்களைப் போடக்கூடாது என்று நாங்களாகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தக் கட்டிலில் இடம் கிடைத்தது என்பது ஒரு நோயாளியின் முடிவை மாற்றும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அடுத்தது ஆள். முதல் அலையில் ஐசியுவில் ஒரு சிஸ்டருக்கு மூன்று, நான்கு பேர் இருந்தார்கள். 2021 மே மாத இரவுகளில் அந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆள் குறைந்தால் சாவு எங்கே நடக்கும் என்று கேட்டால், கழிவறையில் என்பேன். வயதானவர், சங்கோசப்படுபவர், பெட்பேன் கேட்கக் கூச்சம். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வார்டின் மறுகோடிக்கு நடந்து போவார். 92-ல் இருந்தவர் திரும்பி வருவதற்குள் 60. சிலர் திரும்பி வரவே இல்லை. கேஸ் ஷீட்டில் 'திடீர் இதயத் துடிப்பு நிறுத்தம்' என்று இருக்கும். நேரம் பெரும்பாலும் விடியற்காலை. இவற்றை அடுக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் நீளமான ஆக்ஸிஜன் டியூபும் கட்டிலோரக் கழிவறை நாற்காலியும் கேட்டு எழுதினோம். கொஞ்சம் வந்தது.

முதல் அலையில் உள்ளே விடாத உறவினர்கள் இரண்டாவது அலையில் உள்ளே வந்துவிட்டார்கள். தொற்றுத் தடுப்புக் கண்ணோட்டத்தில் அது தவறுதான். ஆனால் மகளோ மனைவியோ பக்கத்தில் இருந்த நோயாளி சாப்பிட்டார், மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்தார், குப்புறப் படுத்தார், சாச்சுரேஷன் இறங்கியபோது "சிஸ்டர்!" என்று கத்த ஓர் ஆள் இருந்தது. தனியாகக் கிடந்தவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பது என் அபிப்பிராயம். நிரூபிக்கக் கேட்டால் என்னிடம் தாள் இல்லை.

அப்புறம், வந்து சேர்ந்த நேரம். வீட்டில் ஆறேழு நாள், சி.டி. ஸ்கேனுக்கு ஒரு நாள், தனியாரில் காசு தீரும்வரை சில நாள், 108 வண்டிக்குள்ளேயே படுக்கைக்காகச் சில மணி நேரம் என்று போக்கிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசிக்காகக் கழிந்த நாட்களும் இதில் உண்டு. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் திறந்த விற்பனை மையத்தில் ஜனங்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். அந்த மருந்து இறப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றும் பிளாஸ்மாவின் கதையும் இதேதான். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆனாலும் 2021 மே வரை அது சிகிச்சை நெறிமுறையில் இருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டர்களைவிட வரிசையில் நின்ற மகன்கள்மீது கோபப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கொரோனா இல்லாத நோயாளிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் மாரடைப்பு வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஜனங்களுக்கு நெஞ்சு வலி வராமல் போய்விடவில்லை. பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரி என்றாலே பயம். வந்தவர்களும் இரண்டு நாள் 'வாயு' என்று சோடா குடித்துவிட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிய பிறகு வந்தார்கள். காசநோயைப் பாருங்கள்: 2019-ல் இந்தியாவில் பதிவானவர்கள் 24.04 லட்சம், 2020-ல் 18.05 லட்சம். விடுபட்ட ஆறு லட்சம் பேரும் குணமாகி உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு எலும்பும் தோலுமாக எங்கள் வார்டுக்கு வந்தார்கள். இவர்களின் இறப்பு எதுவும் கொரோனாக் கணக்கில் வராது.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது எண்கள் மறுபடி தலைகீழானது. பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள். கால் முறிந்து வந்தவருக்கும், பிரசவத்துக்கு வந்தவருக்கும் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது. 'கொரோனாவோடு வந்தவர்', 'கொரோனாவால் வந்தவர்' என்று இரண்டு வகையாகப் பிரிக்காத மருத்துவமனைகளின் இறப்பு விகிதம் அந்த மாதம் மிக அழகாக இருந்திருக்கும்.

இப்போது முதுநிலை மாணவர்கள் அந்தக் காலத்துக் கேஸ் ஷீட்டுகளை வைத்து ஆய்வேடு எழுத வருகிறார்கள். வயது, சர்க்கரை, ரத்தம் கட்டுவதைக் காட்டும் டி-டைமர், நுரையீரல் பாதிப்பைச் சொல்லும் சி.டி. ஸ்கோர் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறார்கள். நான் இன்னும் மூன்று கட்டம் சேர்க்கச் சொல்கிறேன்: நோய் தொடங்கி எத்தனையாவது நாள் வந்தார், வந்தபோது சாச்சுரேஷன் என்ன, அன்றிரவு அந்த வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர். முதல் இரண்டும் கேஸ் ஷீட்டிலேயே இருக்கும். மூன்றாவதற்கு நர்ஸிங் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் போய் டூட்டி ரெஜிஸ்டரைத் தேட வேண்டும், அதனால் அதை மட்டும் விட்டுவிட்டு வருவார்கள். அந்த ரெஜிஸ்டரில் பெயர் உள்ள சிஸ்டர்களில் பலர் தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள். மாநிலம் முழுக்க 2,300-க்கும் மேற்பட்ட அத்தகைய நர்ஸுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், வேறு திட்டங்களில் வேலை தருவதாக அரசு சொன்னது. போன வாரமும் ஒரு பையன் மூன்றாவது கட்டம் காலியாக உள்ள தாளோடு கையெழுத்துக்கு வந்தான். ரெஜிஸ்டர் இருக்கும் அலமாரி எது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.